ஓரிடம் காலி!

"வயதான காலத்தில் பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு வீட்டோடு கிடக்காமல், இவர்களுக்கு ஏன் இந்த மோட்டார் சைக்கிள் பைத்தியம்?"

இப்படிக் கேலி பேசுவோர் எந்த நாட்டிலும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. பேசட்டும். கேலிக்குரியவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம், தோழர்களே!

ஆண்டுதோறும் மே மாதம், கலிபோர்னியா மாநிலத்து ஒன்டாரியோ நகரிலே நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிகின்றன. ஓட்டி வந்தவர்களிலே பெரும்பாலோர் மாஜிப் பட்டாளத்துக்காரர்கள். பாலைவனம் கடந்து, மலை கடந்து, ஏறத்தாழப் பத்து நாள் ஓட்டம். மறுகோடியிலே, வாஷிங்டன் நகரத்துக் கருங்கல் சுவரின் முன்னே போய் நிற்கிறார்கள். 'சுவரை நோக்கி ஓட்டம்' என்று அதற்குப் பெயர். ஜேம்ஸ் கிரிகோரி, பில் எவன்ஸ் என்ற இரு வியட்நாம் போர் வீரர்கள் 1989-ல் தொடங்கியது. போருக்குப் போனவர்களில் திரும்பாதவர் எங்கே, தடயம் இல்லாமல் போனவர் எங்கே என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே போனார்கள்.

உல்லாசப் பயணமா இது? அந்த அணியிலே நாமும் ஒருவராகச் செல்வதாக வைத்துக்கொள்வோம்.

வண்டிகள் தாறுமாறாகப் பறக்கவில்லை. பிளட்டூன், பிளட்டூனாகப் பிரிந்து, பட்டாள ஒழுங்கிலே செல்கின்றன. பெட்ரோல் நிலையத்திலே ஆளாளுக்கு இறங்கி நேரத்தைக் கொல்வதில்லை. தொண்டர்கள் குழாயைக் கையிலே பிடித்துக்கொண்டு, வண்டி வண்டியாக நிரப்பி அனுப்புகிறார்கள். பாலங்களின் மேலே மக்கள் கொடியோடு நிற்கிறார்கள். வழியிலே மாஜி வீரர்களின் மருத்துவமனை. படுக்கையை விட்டு எழ முடியாத தோழனைக் கண்டு பேசாமல் அணி நகர்வதில்லை. மேற்கு வர்ஜீனியாவிலே ரெய்னெல் என்றொரு சிற்றூர், மரம் அறுத்துப் பிழைத்த பாட்டாளிகளின் ஊர். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று இந்தக் கிழவர்கள் தங்களுக்குள் வசூலித்துக் கொடுத்த காசு கொஞ்சமல்ல!

முன்னணியைப் பாருங்கள். இருவர் இருவராகச் செல்ல வேண்டிய வரிசையிலே, ஓரிடத்திலே ஒருவர்தான் ஓட்டுகிறார். பக்கத்து இடம் காலி. திரும்பி வராதவனுக்காக விடப்பட்ட இடம் அது. மைல் கணக்கில் ஓடினாலும் அந்த இடத்துக்குள் எந்த வண்டியும் நுழைவதில்லை.

யார் அந்தத் திரும்பி வராதவன்? கல்லூரியிலே படித்துக்கொண்டிருந்தவனுக்குக் கட்டாயப் படைச்சேவையிலிருந்து ஒத்திவைப்பு கிடைத்தது. ஆலைத் தொழிலாளியின் மகனுக்கு, பண்ணைக் கூலியின் மகனுக்கு? அழைப்பாணை கிடைத்தது! உயிரோடு மீண்டவனுக்கும் வரவேற்பு இல்லை. இரவெல்லாம் அலறி விழித்தான். அவன் நோய்க்கு மனநல மருத்துவர்களின் கைநூலிலே ஒரு பெயர் கிடைத்ததே 1980-ல்தான். காட்டை மொட்டையாக்க விமானத்திலிருந்து நஞ்சைக் கொட்டினார்கள்; 1971-ல் நிறுத்தினார்கள். அந்த நஞ்சால் நோயுற்ற வீரனுக்கு உதவ அமெரிக்கா சட்டம் செய்தது எப்போது? 1991-ல்! இருபது ஆண்டு கழித்து! (அந்த நஞ்சு எவன் வயலிலே விழுந்ததோ, அந்த வியட்நாம் உழவனின் பெயர் வாஷிங்டன் சுவரிலே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

அந்தச் சுவரையாவது சர்க்கார் கட்டியதா? இடம் கொடுத்தது, அவ்வளவுதான். காலாட்படையிலே சாதாரணக் கார்ப்பரலாக இருந்து காயம்பட்ட ஜான் ஸ்கரக்ஸ் 1979-ல் முயற்சியைத் தொடங்கினார். தனியார் நன்கொடையாகவே 84 இலட்சம் டாலர் சேர்ந்தது. வரைபடம் தந்தவர் மாயா லின், 21 வயது மாணவி, சீனத்திலிருந்து குடியேறியவர்களின் மகள். கல் போனது நம் பெங்களூரு வட்டாரத்திலிருந்து! 1982-ல் திறந்தார்கள். பெயர்கள் 58,000-க்கும் மேல். தளபதி மேலே, சிப்பாய் கீழே என்ற வரிசை கிடையாது, பதவி பொறிக்கவேயில்லை. விழுந்த நாளின்படி, பெயருக்குப் பக்கத்திலே பெயர்.

வண்டியை நிறுத்திவிட்டு, நரைத்த தாடிக்காரர் ஒருவர் அந்தக் கல்லிலே விரலால் தடவித் தேடுகிறார். பெயர் அகப்பட்டதும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கிறார். தாளிலே எழுத்து எழும்புகிறது. மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொள்கிறார்.

எல்லோரும் அத்தோடு வீடு திரும்புவதில்லை. ஒரு பிரிவு இல்லினாய் மாநிலத்து மார்செய்ல்ஸ் என்ற ஊருக்கு வண்டியைத் திருப்புகிறது. அங்கே இன்னொரு சுவர். 2004-ல் எழுப்பியது. மத்திய கிழக்குப் போர்களில் மாண்டவர்களின் பெயர்கள் அதிலே.