அலைக்கும் சேற்றுக்கும் முன் வரவேண்டிய செய்தி

ஒவ்வொரு டிசம்பர் 26 இலும் முல்லைத்தீவுக் கடற்கரையில் விளக்கேற்றும்போது என் மனதில் ஒரு கணக்கு ஓடும். 2004 இல் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியபோது இங்கே காலை 7 மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஆழிப்பேரலை எங்கள் கரைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. ஒரு மைல் உள்ளே நடக்க அரை மணி நேரம் போதும். வருகிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

கொலம்பியாவிலும் இதே கணக்குத்தான். 1985 நவம்பர் 13 இரவு 9 மணியளவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. வெடிப்பு பெரியதல்ல. ஆனால் உச்சியிலிருந்த பனி உருகி, சாம்பலையும் கல்லையும் அள்ளிக்கொண்டு ஆறுகள் வழியே சேறாக இறங்கியது. அது ஆர்மெரோ நகரை மூடியபோது இரவு பதினொன்றரை. மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். ஆர்மெரோ அபாய வலயத்தில் இருப்பதைக் காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராகியிருந்தது. சனங்களுக்குச் சொல்லப்பட்டதோ, பதற வேண்டாம் என்பதுதான்.

எங்கள் நாட்டில் எரிமலை இல்லை. சேறு உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் தோட்ட லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. சொந்தக் காணியில்லாத தொழிலாளிக்கு எழும்பிப் போ என்பது மட்டும் எச்சரிக்கை ஆகாது. போய் இருக்க இடமும் அதோடு வரவேண்டும்.

2004 இல் நடுக்கத்துக்கு மிக அருகில் இருந்தது சிமெலுவே தீவு. பத்து நிமிடத்துக்குள் அலை வந்தது. சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907 இல் வந்த அலையை ‘ஸ்மொங்’ என்ற சொல்லால் பேரப்பிள்ளைகள்வரை சொல்லி வைத்திருந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓடு.

தூரத்து நடுக்கத்தை எங்கள் கால்கள் உணராது. கடல் முதலில் வற்றிக் காட்டும் என்பதும் நிச்சயமில்லை. ஆகவே எச்சரிக்கைக் கோபுரம் வேண்டும். அதிலிருந்து வரும் முதல் வசனம் தமிழில் வரவேண்டும். இது சலுகை அல்ல, உயிர்.

ஆனால் நினைவும் வேண்டும். அலை விட்டுவைத்த பலரை 2009 கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் சிதறினோம். அலையைக் காணாத பிள்ளைகள் இன்று அதே கரையில் வலை இழுக்கிறார்கள். விளக்கேற்றும் நாளில் அவர்களைக் கூட்டிவைத்துச் சொல்வோம்: எந்தப் பாதையால் ஓடவேண்டும், முதல் அலை போனதும் ஏன் திரும்பி வரக்கூடாது என்று.