வண்டிக்கு இருமல் வந்தால்...



சென்ற இதழில் மிக்ஸியின் கப்ளர் தேய்ந்திருப்பதைச் சத்தத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதியிருந்தேன். "மிக்ஸியோடு நிறுத்தாமல் எங்கள் வீட்டு வண்டியையும் கொஞ்சம் பாருங்கள்" என்று திருநெல்வேலி பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இன்ஜினுக்கும் பெண்கள் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வண்டி ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அதோடு, கடிதத்தின் கடைசி வரிகளில் ஒரு குழந்தையின் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. அவர் எழுதியபடியே தருகிறேன்:

"அக்கா, எங்க வீட்டுல ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி இருக்கு. அவுக அதுலதான் சேரன்மாதேவிப் பக்கமிருந்து காய்கறியும் வாழையிலையும் ஏத்திக்கிட்டு நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போவாக. ஒரு மாசமா விடியக்காலம் ஸ்டார்ட் பண்ணும்போது 'டிக் டிக்'னு ஒரு சத்தம் கேக்கு. கொஞ்ச தூரம் ஓடினா குறைஞ்சிருது. பாரம் ஏத்திப் பாலம் ஏறும்போது மறுபடியும் கேக்குன்னு சொல்லுதாக. ஒரு பட்டறையில காட்டினதுக்கு, 'இன்ஜினை இறக்கிப் பாத்தாத்தான் தெரியும்'னுட்டாங்க. என் வளையலை அடகு வைக்கலாமான்னு யோசிக்காக. நான் ஒண்ணும் தெரியாதவ. வச்சிரலாமா? இன்னொண்ணு, சின்னவன் பள்ளிக்கூடத்துக்கு அந்த வண்டியிலதான் போறான். ஏறி உக்காந்தா தலைவலிங்கான். இறங்கினா சரியாப் போயிருது. பள்ளிக்கூடம் போக மனசில்லாம சொல்லுதானோ என்னவோ."

இந்தச் சகோதரிக்கு உடனே பதில் எழுதினேன். முதல் வரியாக எழுதியது இதுதான்: வளையல் கையிலேயே இருக்கட்டும், பையனை முதலில் அந்த வண்டியிலிருந்து இறக்குங்கள்.

ஒன்றும் தெரியாதவரா இவர்?

தன்னை ஒன்றும் தெரியாதவள் என்கிறார். ஆனால் ஒரு மெக்கானிக் கேட்கக்கூடிய கேள்விகளில் முக்கால்வாசிக்கு அவரே பதில் எழுதிவிட்டார். எப்போது கேட்கிறது? விடியற்காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. எப்போது குறைகிறது? சூடேறிய பிறகு. எப்போது மறுபடி வருகிறது? பாரத்தோடு மேடு ஏறும்போது. எப்படிப்பட்ட சத்தம்? 'டிக் டிக்'.

தாய்மார்களுக்கு இது கைவந்த கலை. குழந்தை இருமினால் அது வறட்டு இருமலா, கபம் கட்டிய இருமலா, இழுப்பா என்று அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுகிறோம். டாக்டரின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பும் கேட்பதற்கான கருவிதானே? 1816-ல் பாரிஸில் லேனெக் என்ற டாக்டர், ஒரு பெண் நோயாளியின் மார்பில் நேரடியாகக் காதை வைக்கத் தயங்கி, ஒரு காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி வைத்துக் கேட்டார். இதயத்துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை அதுதான். நம் ஊர்ப் பட்டறையில் அண்ணாச்சி நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கிறாரே, அதுவும் அதே வைத்தியம்தான்.

டீசல் இன்ஜினுக்குக் 'கடகட' என்பது பிறவிக் குணம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் இன்ஜினில் பொறி வைத்துப் பற்றவைப்பார்கள். டீசலில் பொறி கிடையாது. காற்றை இறுக அமுக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஓட்டிக் காட்டிய முறை இது. அந்த வெடிப்புத்தான் நமக்குக் கடகடவென்று கேட்கிறது. 2005-ல் வந்து 'குட்டியானை' என்று பெயர் வாங்கிய சின்ன வண்டியின் டீசல் இன்ஜினில் 2 சிலிண்டர்தான். அப்படிப்பட்ட இன்ஜினில் அதிர்வும் சற்று அதிகம் இருக்கும். ஆகவே சத்தம் இருக்கிறதா என்று கேட்பதைவிட, நேற்று இல்லாத சத்தம் இன்று வந்திருக்கிறதா என்று கவனிப்பதே முக்கியம்.

குக்கர் கேஸ்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்

இனி அந்த 'டிக் டிக்'குக்கு வருவோம். டாப்பெட் இடைவெளி கூடினாலும் தையல் மிஷின் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். ஆனால் அது பாரம் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பிஸ்டன் தேய்ந்திருந்தால் குளிரில் சத்தம் வந்து, சூடானதும் குறையும். ஆனால் அது மந்தமான தட்டல். பேரிங் போயிருந்தால் கனத்த 'டொக் டொக்' கேட்கும், இன்ஜின் சூடாகச் சூடாக அது கூடுமே தவிரக் குறையாது.

குளிரில் கேட்டு, சூட்டில் குறைந்து, மேட்டில் திரும்பி வரும் 'டிக் டிக்' என்றால் புகை கசிகிறதோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் இடத்தில் மேனிஃபோல்டு என்ற இரும்புக் குழாய் இருக்கிறது. அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கேஸ்கட் உண்டு. குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் விளிம்பில் 'புஸ்' என்று ஆவி வருமே, அதே கதைதான். இங்கே புகை விட்டுவிட்டு வருவதால் நம் காதில் 'டிக் டிக்' என்று விழுகிறது. இரும்பு சூடாகி விரியும்போது சந்து அடைபட்டுச் சத்தம் குறையும். பாரம் ஏற்றி மேடு ஏறினால் புகையின் வேகம் கூடி மறுபடி கேட்கும்.

கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பையனின் தலைவலியையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வலுத்தது. இன்ஜினை இறக்குவதற்கு முன்னால், குளிர்ந்த இன்ஜினில் மேனிஃபோல்டு ஓரத்தில் கரிப்படிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. "கரி அப்பிக் கிடந்துச்சு அக்கா. கேஸ்கட் வெந்து போச்சாம், ஒரு போல்ட்டும் ஒடிஞ்சிருக்காம். இன்ஜினை இறக்கல. கியர் கம்பிக்குக் கீழ இருந்த ரப்பரும் கிழிஞ்சு கிடந்துச்சு, அதையும் மாத்தியாச்சு" என்று எழுதியிருந்தார்.

தலைவலியை அலட்சியம் செய்யாதீர்கள்

அந்தக் கிழிந்த ரப்பர்தான் விஷயமே. பல பிக்கப் வண்டிகளில் இன்ஜின் சீட்டுக்கு அடியிலோ காலடிக்குப் பக்கத்திலோ இருக்கிறது. கசியும் புகை, தரையில் உள்ள ஓட்டை வழியே நேராக நாம் உட்காரும் இடத்துக்கு வந்துவிடும்.

புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். பெட்ரோலைவிட டீசல் புகையில் இந்த வாயு குறைவு என்பது உண்மைதான். அதற்காக டீசல் புகை நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல், உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பட்டியலில் அதைச் சேர்த்தது.

குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சுவிடுவதால் அவர்களை இது சீக்கிரம் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் கெடுதல் அதிகம். வண்டியில் ஏறினால் வலி, இறங்கினால் சரி என்று குழந்தை சொன்னால் 'சாக்குச் சொல்கிறான்' என்று அதட்டாதீர்கள். வண்டியைச் சரிபார்க்கும்வரை அதில் ஏற்ற வேண்டாம். யாராவது மயங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். பேட்டை, டவுன் பக்கத்தவர்களுக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போனதும் 'வண்டிப் புகை' என்ற வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் டாக்டருக்கு அந்தத் திசையில் யோசிக்கத் தோன்றும்.

எந்தச் சத்தம், என்ன சொல்கிறது?

வெட்டி எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ள ஒரு சிறு பட்டியல்:

'கிறீச்' என்று ஸ்டார்ட் செய்தவுடன் கேட்டு நின்றுபோனால்: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம். செலவு குறைந்த வேலை. தள்ளிப்போட்டு அது வழியில் அறுந்தால், பேட்டரி சார்ஜ் ஏறாது. பல வண்டிகளில் தண்ணீர் பம்ப்பும் நின்று இன்ஜின் கொதித்துவிடும்.

'கொரகொர' என்று பெல்ட் பக்கமிருந்து கேட்டால்: தண்ணீர் பம்ப் அல்லது ஆல்டர்னேட்டர் பேரிங். வண்டி நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டியிருக்கிறதா பாருங்கள்.

கிளட்சை அமுக்கும்போது மட்டும் சத்தம் வந்தால்: கிளட்ச் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினைத் தொட வேண்டியதில்லை.

வண்டியின் வேகத்தோடு கூடிக் குறைந்து, நின்ற இடத்தில் இன்ஜினை முறுக்கினால் கேட்காவிட்டால்: சக்கரத்தின் பக்கம் தேட வேண்டும்.

கனத்த 'டொக் டொக்', அல்லது ஆயில் விளக்கு எரிந்தால்: அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். 'வீடு வரைக்கும் போயிரலாம்' என்று ஓட்டினால் சிறிய செலவு பெரிய செலவாகிவிடும். கட்டி இழுத்து வரும் கூலி எவ்வளவோ மேல்.

ஆயில் பார்ப்பதை நாமே செய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்து ஆயில் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும்.

கிட்டே போகுமுன் ஒரு வார்த்தை

இன்ஜின் ஓடும்போது புடவை முந்தானை, துப்பட்டா, பின்னல் எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. இழுத்துச் செருகிக்கொண்டாலும் இரண்டடி தள்ளியே நில்லுங்கள். நாம் சத்தத்தைத்தான் கேட்கிறோம், தொட வேண்டியதில்லை. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இன்ஜெக்டர் குழாயைக் கழற்றிப் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. அதிலிருந்து பீறிடும் டீசல் தோலையே துளைத்துவிடும். கதவடைத்த ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள்.

தொழிற்பேட்டையும் அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கும் பேட்டையில் தொழில் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த மெக்கானிக்காக இருந்தாலும், 'என்னமோ சத்தம் வருது' என்றால் தேடத்தான் செய்வார். தேடுவதற்கும் கூலி உண்டல்லவா? பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே, சத்தம் வந்த தேதி, நேரம், குளிரிலா சூட்டிலா, பாரத்தோடா பாரமில்லாமலா, கிளட்ச் அமுக்கினால் மாறுகிறதா என்று குறித்துவையுங்கள். அதைக் காட்டி, "அண்ணாச்சி, இறக்குறதுக்கு முன்னால இதைப் பாத்திருங்க" என்று சொல்லுங்கள். இன்ஜினை இறக்கத்தான் வேண்டும் என்றால், ஏன் என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளாமல் விளக்கிச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுங்கள்.

விடியற்காலையில் அந்த வண்டி கிளம்பும் சத்தத்தைத் தினமும் வாசலில் நின்று கேட்பவர் நீங்கள்தான். சத்தம் மாறினால் முதலில் தெரியப்போவதும் உங்களுக்குத்தான். அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த இதழில்: ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பது எப்படி?