பத்மினிக்கு எதிராக ஒரு பொய்க் கணக்கு

அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் அட்டவணையைப் பார்த்ததும் ஆத்திரம்தான் வந்தது. அம்பாசிடருக்கு 75 குதிரைத்திறன், பத்மினிக்கு 40, ஆகவே போட்டியே இல்லை என்று தீர்ப்பெழுதிவிட்டார் கட்டுரையாளர். அந்த 75 எந்த வண்டியுடையது? 1992இல் இசுஸுவின் 1817 சிசி என்ஜினோடு வந்த அம்பாசிடருடையது. அதன் பக்கத்தில் அவர் நிறுத்தியிருக்கும் பத்மினியோ, 1964இல் பம்பாய் குர்லாவில் பியட் 1100 டிலைட்டாகத் தயாராகத் தொடங்கிப் பிற்பாடு பெயர் மாறிய 1089 சிசி வண்டி. ஏறக்குறைய முப்பது வருட இடைவெளியை மறைத்துப் போட்ட இந்தக் கணக்கை ஒப்பீடு என்று சொல்ல மாட்டேன், மோசடி என்றுதான் சொல்வேன்.

ஒரே காலத்து வண்டிகளை எடுப்போம். எழுபதுகளின் அம்பாசிடரில் இருந்தது பி.எம்.சி.யின் 1489 சிசி என்ஜின். சக்தி சுமார் 50 குதிரைத்திறன். பத்மினியைவிட 400 சிசி கூடுதல், பத்துக் குதிரை கூடுதல். சரி, எடை? கட்டுரையில் எடை பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்பாசிடர் 1,100 கிலோவைத் தாண்டும், பத்மினி 900 கிலோவை ஒட்டி நிற்கும். டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 45ஐ ஒட்டியே வருகிறது. அவர் தம்பட்டம் அடித்த பிக்அப் வித்தியாசம் எங்கே போயிற்று? பள்ளிக்கூடப் பையன் போடக்கூடிய வகுத்தலை அவர் போடவில்லை.

கியர் விஷயத்தில் பத்மினியை மட்டும் குறை சொல்கிறார். ஸ்டியரிங்குக்கு அடியில் கியர் கம்பி இரண்டு வண்டிக்கும்தான் இருந்தது. பழைய அம்பாசிடரில் அந்த இணைப்புக் கம்பிகள் தேய்ந்து, நடுரோட்டில் கியர் சிக்கிக்கொள்ளும். ஓட்டுநர் இறங்கி, பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டுக் கம்பியை அசைத்து விடுவித்துவிட்டுத்தான் மறுபடி ஏறி உட்காருவார். இதைப் பார்க்காதவர் அம்பாசிடர் பற்றி எழுத வரக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அம்பாசிடரின் உண்மையான பலங்களும் அவர் கண்ணில் படவில்லை. பத்மினிக்கு இல்லாத ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் அதற்கு இருந்தது. சக்கர இடைவெளி 2,464 மில்லிமீட்டர், பத்மினிக்கு 2,340தான். பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஐந்து பேரும் மூட்டைகளுமாக மலை ஏறும்போது, குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் அந்தப் பெரிய என்ஜின் நிச்சயம் கைகொடுக்கும். இதையெல்லாம் சொல்லியிருந்தால் நானே தலையாட்டியிருப்பேன்.

அதற்குப் பதில் மந்திரிகள் ஏறிய வண்டி என்கிறார். அரசாங்கம் வாங்கியதால் மந்திரிகள் ஏறினார்கள். பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி தம் குடும்பத்துக்கென்று வங்கிக் கடனில் வாங்கியது பியட் 1100. தாஷ்கண்டில் அவர் மறைந்த பிறகு மீதிக் கடனை அடைத்தவர் லலிதா சாஸ்திரி.

அம்பாசிடர் 2014 வரை தயாரானதே அதன் மேன்மைக்குச் சாட்சியாம். லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் போட்டிக்கு ஆளே விடாமல் காப்பாற்றப்பட்ட வண்டி, அரசு ஆர்டர்களாலும் டாக்சிக்காரர்களாலும் நெடுநாள் ஓடியது. நீண்ட ஆயுள்தான் அளவுகோல் என்றால் மும்பைக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேலாகியும் பத்மினி டாக்சிகள் அங்கே ஓடின. 2023 அக்டோபரில் அவற்றை நிறுத்தியது இருபது வருட வயது வரம்பு.

கட்டுரையாளர் அந்த அட்டவணையைத் திரும்பப் பெற வேண்டும். 75 குதிரை அம்பாசிடரை ஒப்பிட்டே தீருவேன் என்றால், நிசான் என்ஜினோடு வந்த பிரீமியர் 118 என்.இ.யைப் பக்கத்தில் நிறுத்தட்டும், எடையையும் சேர்த்து எழுதட்டும்.