ஓடினால் மூட்டு தேயும் என்பவர்களுக்கு

மனித உடம்பை சைக்கிள் டயர் என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓட ஓடத் தேயுமாம். பிறக்கும்போதே இத்தனை ஆயிரம் கிலோமீட்டர்தான் என்று எழுதிக் கொடுத்து அனுப்பியதுபோல, அதை மிச்சம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் படிக்காதவர்கள் இல்லை. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தினமும் நெடுந்தூரம் ஓடினால் நாற்பதில் மூட்டு போய்விடும், ஐம்பதில் மாரடைப்பு வரும், அனைவருக்கும் பகிரவும். யார் சொன்னது, எங்கே சொன்னது என்று ஒரு வரி கிடையாது.

போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி, மாவட்டப் போட்டியில் 3000 மீட்டர் ஓடுகிறவள், ஒரு மாதமாக மைதானத்துக்குப் போகவில்லை. இந்தச் செய்தியை யாரோ படித்துக் காட்டியதும் அவள் பாட்டி நிறுத்திவிட்டார். "மூட்டு போனாக்கூடப் பரவாயில்ல டீச்சர், கருப்பை இறங்கிடுச்சுன்னா யார் கட்டிக்குவா?" என்று என்னிடமே கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். எனக்குப் படிக்கத் தெரியும். வகுத்தல் கணக்கும் தெரியும்.

முதலில் மூட்டு. இரண்டு எலும்புகள் உரசாமல் நடுவில் இருப்பது குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. பிறகு அதற்கு எப்படிச் சத்து போகிறது? பாரம் விழும்போது, பஞ்சைப் பிழிவதுபோல அதிலிருந்து நீர் வெளியேறும். பாரம் நீங்கும்போது சுற்றியிருக்கும் மூட்டு நீரை உறிஞ்சிக்கொள்ளும். சத்து அந்த நீரோடுதான் வருகிறது. நாளெல்லாம் நாற்காலியில் கிடக்கும் காலுக்கு இது குறைந்துபோகும். டயர் தேய்ந்தால் தேய்ந்ததுதான். எலும்பும் தசையும் அப்படியில்லை, பாரம் தாங்கித் தாங்கிக் கெட்டிப்படும்.

இது வெறும் தத்துவம் என்றால் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம், ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு. உடல்நலத்துக்காகவும் விருப்பத்துக்காகவும் ஓடியவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு. போட்டிக்கென்றே ஓடிய தொழில்முறை வீரர்களில் 13.3 சதவீதம். மூன்றாவது எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பயமுறுத்துகிறவர்கள் முதல் இரண்டை ஏன் மறைக்கிறார்கள்?

அடுத்தது இதயம். உடனே ஜிம் ஃபிக்ஸைக் கொண்டுவருவார்கள். ஓட்டத்தைப் பற்றி 1977-ல் புத்தகம் எழுதி அமெரிக்காவையே ஓட வைத்தவர், 1984-ல் ஓடப் போன இடத்திலேயே 52 வயதில் மாரடைப்பில் இறந்தார். உண்மைதான். ஆனால் மீதிக் கதையைச் சொல்ல மாட்டார்கள். அவருடைய அப்பா 43 வயதிலேயே இதய நோயால் இறந்தவர். ஃபிக்ஸ் முப்பத்தைந்து வயதுவரை நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்த குண்டு மனிதர். பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக் குழாய்கள் மோசமாக அடைபட்டிருந்தது தெரிந்தது.

ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிறுவ முடியாது. நீங்கள் ஃபிக்ஸைக் காட்டினால் நான் ஃபௌஜா சிங்கைக் காட்டுவேன். 89 வயதில் லண்டனில் முதல் மராத்தான், 2011-ல் டொரண்டோவில் நூறு வயதில் 42 கிலோமீட்டர். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அவரை ஏற்கவில்லை. சரி, பத்து வயதைக் கழித்தே வைத்துக்கொள்ளுங்கள், தொண்ணூறில் உங்களால் முடியுமா? 2025 ஜூலையில் அவர் இறந்ததும் ஓட்டத்தால் இல்லை, பஞ்சாபில் சாலையில் கார் மோதி.

இப்படி ஆளுக்கு ஆள் காட்டிக்கொண்டிருப்பதால் பயனில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மராத்தானும் அரை மராத்தானும் ஓடிய 1.09 கோடி பேரைக் கணக்கெடுத்தார்கள். ஓட்டத்தின்போதோ முடிந்த உடனேயோ இதயம் நின்றது 59 பேருக்கு. அவர்களில் இறந்தவர்கள் 42 பேர். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 1,84,000 பேருக்கு ஒருவருக்கு இதயம் நின்றிருக்கிறது. காரணம் தெரியவந்தவர்களில் பலருக்கு இதயத் தசைத் தடிப்போ ரத்தக் குழாய் அடைப்போ முன்பே இருந்தது.

ஸ்டான்ஃபோர்டில் ஐம்பது வயது தாண்டிய 538 ஓட்டக்காரர்களையும், ஓடாத 423 பேரையும் 1984 முதல் தொடர்ந்து பார்த்தார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து ஓடியவர்களில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், ஓடாதவர்களில் 34 சதவீதம். ஆரோக்கியமானவர்கள்தானே ஓடவே வருவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதனால் வித்தியாசம் முழுவதும் ஓட்டத்தால் வந்தது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டம் ஆளைத் தின்னும் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்கவேண்டும்?

2015-ல் கோபன்ஹேகனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கடுமையாக ஓடுவதும் ஓடாமலே இருப்பதும் ஒன்று என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அந்தக் கடுமையான பிரிவில் இருந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான். இறந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு மரணத்தை வைத்து உலகத்துக்கே தலைப்பு! என் வகுப்புப் பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் திரும்பப் போடச் சொல்லியிருப்பேன்.

கருப்பை விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயம் அந்தப் பாட்டி கண்டுபிடித்தது இல்லை, வெள்ளைக்காரர்களிடமும் இருந்ததுதான். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று எழுதியே அந்தப் போட்டியை நிறுத்தினார்கள். அது திரும்ப வர 1960 ஆயிற்று. 1967-ல் பாஸ்டன் மராத்தானில் ஓடிய காத்ரின் சுவிட்சரின் எண் அட்டையைப் பிய்க்க ஓர் அதிகாரி பாதையிலேயே பாய்ந்தார். அதே சுவிட்சர் 2017-ல், எழுபது வயதில், அதே பாஸ்டனில் ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் கிடைத்தது 1984-ல்தான். பாலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் பிள்ளை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மராத்தானில் ஜெயித்தார்.

கருப்பை இறங்குவதற்கு முக்கியமான காரணங்கள் அடுத்தடுத்த பிரசவமும், உடம்பு தேறும் முன்பே பாரம் தூக்குவதும். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடம் சுமந்து ஒரு மைல் நடந்த பெண்களை இந்த ஊரில் யார் நிறுத்தினார்கள்? பிரசவம் முடிந்த மூன்றாம் மாதம் நாற்று நடப் போனவளிடம் கருப்பையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? பெண் பிள்ளை தன் விருப்பத்துக்காக மைதானத்தில் ஓடினால் மட்டும்தான் எல்லோருக்கும் உடற்கூறு ஞாபகம் வருகிறது.

ஓட்டத்தில் தீங்கே இல்லை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. சரியாகச் சாப்பிடாமல் நிறைய ஓடும் பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு பலவீனப்படும், எலும்பில் நுண்முறிவு வரும். அந்தப் பாட்டி கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான், அதற்கு மருந்து தட்டில் இருக்கிறது. பல வருஷம் கடும் பயிற்சி செய்த ஆண்களிடம் இதயத் துடிப்பு சீர்கெடுவது கொஞ்சம் அதிகம். தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்புச் சத்து குறைந்திருந்தது. ஒடிசாவில் புதியா சிங் என்ற நான்கு வயதுக் குழந்தையை 2006 மே மாத வெயிலில் 65 கிலோமீட்டர் ஓட விட்டார்களே, அது கொடுமை. அரசு தடை போட்டது சரி.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பவர்கள், அதிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள். சில வாரம் நடையாகவே இருக்கட்டும். நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

மறுத்துச் சொல்ல விரும்பும் தோழர்கள், எந்த ஆய்வு, எந்த வருஷம், எத்தனை பேர் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். உட்கார்ந்து படிக்கிறேன். "என் மச்சினருடைய நண்பர் ஒருத்தருக்கு" என்று தொடங்குவதை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்.