பதினாறு வயதின் கையொப்பம்



கல்விக்காகவும் பணிக்காகவும் ஜெர்மனி சென்று வாழும் நம் குடும்பங்களில் இன்று ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறோம்; பிள்ளைகளையும் சேர்த்துவிடுகிறோம்" என்பதே அது. 'சேர்த்துவிடுகிறோம்' என்னும் அச்சொல்லைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். பள்ளியில் பயிலும் பிள்ளை, தந்தையின் விண்ணப்பத்தோடு இணைக்கப்படும் சான்றிதழ்களுள் ஒன்றன்று.

முதலில் சட்டத்தின் நிலையை அறிவோம். 2024 ஜூன் 27 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அங்கு ஐந்தாண்டுகள் முறையாக வசித்தவர் குடியுரிமை கோரலாம். முன்பு அது எட்டு ஆண்டுகளாக இருந்தது. பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்னும் நிபந்தனையையும் ஜெர்மனி அத்திருத்தத்தில் நீக்கிவிட்டது. பெற்றோருடன் விண்ணப்பிக்கும் பிள்ளைகள், ஐந்தாண்டுகளை நிறைவு செய்யாதிருப்பினும் குடியுரிமை பெற வழியுண்டு. கட்டணம் பெரியவர்களுக்கு 255 யூரோ. பெற்றோருடன் சேர்ந்து பெறும், சொந்த வருமானமில்லாத பிள்ளைக்கு 51 யூரோ. 16 வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோரே விண்ணப்பிக்க வேண்டும். 16 நிரம்பிய மாணவரோ தாமே விண்ணப்பிக்கும் தகுதி பெறுகிறார்.

இந்த வயதெல்லையில் ஆழ்ந்த பொருள் உண்டு. 16 நிரம்பியவர், ஜெர்மனியின் சுதந்திர ஜனநாயக அமைப்பை ஏற்பதாக உறுதி கூற வேண்டும். நாஜி ஆட்சியின் கொடுமைகளால் அந்நாட்டிற்கு ஏற்பட்ட வரலாற்றுப் பொறுப்பையும், குறிப்பாக யூத மக்களின் வாழ்வைப் பாதுகாக்கும் கடமையையும் ஏற்பதாக அறிவிக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயதினரிடம் இவ்வுறுதிமொழி கேட்கப்படுவதில்லை. தன் மதத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் 14 வயதிலேயே பிள்ளைக்கு அளிக்கிறது. வளரும் பிள்ளைக்கு மனச்சாட்சி உண்டு என்பதை ஓர் அரசே ஒப்புக்கொள்ளும்போது, பெற்றோராகிய நாம் அதனை மறக்கலாமா?

"உறுதிமொழியெல்லாம் வெறும் சடங்கு, கையொப்பமிட்டால் போதும்" என்று கூறுவோர் உளர். மார்க்கம் அறிந்த வீட்டில் இப்பேச்சு எழலாகாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது நம்பிக்கையாளர்களின் கடமை. ஹுதைபிய்யா உடன்படிக்கையின் வேளையில், சங்கிலிகளுடன் தப்பி வந்த அபூஜந்தல் (ரலி) அவர்களை, மனம் நொந்த நிலையிலும் நபி (ஸல்) அவர்கள் உடன்படிக்கையின்படியே திருப்பி அனுப்பினார்கள். வாக்கின் மதிப்பை நமக்குக் கற்பித்த வரலாறு அது. ஜெர்மனியின் அரசியலமைப்பு தன் 4ஆம் பிரிவில் சமய நம்பிக்கையின் சுதந்திரத்தைப் பாதுகாக்கிறது. எனவே அந்த உறுதிமொழியை ஏற்பதற்கு நம் ஈமான் தடையன்று. ஆனால் படித்து, புரிந்து, மனமார ஏற்றுக் கூறுவதே வாக்கு. பொருளறியாமல் இடும் கையொப்பம் வாக்காகாது.

இனி, பிள்ளை பெறுவதையும் இழப்பதையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். பெறுவன பல. 18 வயதில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் வசிக்கவும் கற்கவும் பணியாற்றவும் இயலும். வசிப்பிட அனுமதி காலாவதியாகும் கவலை தீரும். வகுப்புத் தோழர்கள் இங்கிலாந்துக்குச் சுற்றுலா செல்லும்போது, தான் மட்டும் விசாவுக்குக் காத்திருக்கும் நிலை மாறும். நீதிபதியாக விரும்பும் பிள்ளைக்கு அக்குடியுரிமை இன்றியமையாதது.

இழப்பும் உண்டு. ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தாலும் இந்தியா அனுமதிப்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, வேறு நாட்டின் குடியுரிமையைத் தாமே விரும்பிப் பெறுபவர் இந்தியக் குடிமகனாக நீடிப்பதில்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வழியாக விசாவின்றி வந்துபோகலாம். வாக்களிக்கவோ, விவசாய நிலம் வாங்கவோ இயலாது. இலங்கையைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்களின் நிலை வேறு. அந்நாடு விண்ணப்பத்தின் பேரில் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது.

பொறுப்பும் உண்டு. கட்டாய இராணுவப் பணி அங்கு 2011இல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆயினும் 18 வயது நிரம்பிய ஆண்களை அதற்கு அழைக்க இடமளிக்கும் விதி அரசியலமைப்பில் இன்றும் இருக்கிறது. மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுக்கும் உரிமையும் அதே சாசனத்தில் உள்ளது. மகனை உடைய பெற்றோர் இவ்விரண்டையும் அவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

"காத்திருந்தால் சட்டம் மாறிவிடுமே" என்னும் அச்சம் பொருளற்றதன்று. சிறப்பாக ஒன்றிணைந்தோருக்கென 2024இல் திறக்கப்பட்ட மூன்றாண்டு வழி, 2025 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. ஆகவே சிறு குழந்தைகளின் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுங்கள் என நாம் கூறவில்லை. அவர்களுக்காகப் பெற்றோர் முடிவெடுப்பதே முறை. 14, 15 வயதுப் பிள்ளையின் நிலையோ வேறு. அவனிடம் கலந்து பேச ஓரிரு மாலைப்பொழுதுகள் போதும். அதற்குள் எந்தச் சட்டமும் மாறிவிடாது. இன்னும் சில மாதங்களில் 16 நிறைவடையும் பிள்ளை, தன் கையாலேயே கையொப்பமிட விரும்பினால், கட்டணத்தில் ஏறும் 204 யூரோவைக் கணக்கிட்டு அதனை மறுப்பது அறிவுடைமையாகாது.

இப்ராஹீம் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். இறைவனின் கட்டளையே கனவில் வந்திருந்தும், அவர்கள் மகனிடம் அதனைச் சொல்லி, அவருடைய கருத்தைக் கேட்டார்கள். நபியாகிய ஒரு தந்தை, அத்தகைய கட்டளையிலும் மகனைக் கலந்தார் என்றால், ஒரு கடவுச்சீட்டின் முடிவில் நாம் நம் பிள்ளையைக் கலக்காதிருப்பதற்கு என்ன நியாயம் கூற முடியும்?

கேட்கப்பட்ட பிள்ளை, தான் வாழும் நாட்டிற்கு நேர்மையான குடிமகனாகவும், பெற்றோரின் ஊரை மதிக்கும் பிள்ளையாகவும் வளர்வான். அவனிடம் மார்க்கமும் மொழியும் நிலைப்பது வீட்டில் அவன் பெறும் மதிப்பினாலேயாகும். கடவுச்சீட்டின் நிறம் அதனைத் தீர்மானிப்பதில்லை.

நம் பிள்ளைகளை வாக்குத் தவறாத நன்மக்களாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.