ஒரே அச்சில் வார்த்த கபாலங்கள்

வைத்தியக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களுக்குச் சரீர சாஸ்திரம் போதித்தே ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்த என்னைப் போன்றவர்களுக்கு ஈர்க்குச்சியின் மகிமை தெரியும். மண்டையோட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, துடைப்பத்திலிருந்து உருவிய குச்சியொன்றை அதன் அடித்தளத்திலுள்ள துவாரங்களில் ஒவ்வொன்றாக நுழைத்து, அது உட்புறத்தில் எங்கே தலைகாட்டுகிறதென்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, அவ்வழியே போகும் நரம்பின் பெயரையும் இரத்தக் குழாயின் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு அதுவே மூலமந்திரம். ஒருநாள் ஒரு மாணவி கையில் கபாலத்தோடு என் மேஜைக்கு வந்து, "சார், இது சரியில்லாத மண்டையோடு. இடப்பக்கம் ஒரு ஓட்டையையே காணோம், வேறு கொடுங்கள்" என்றாள். அவள் தேடியது 'ஃபொராமென் ஸ்பைனோசம்' என்னும் சிறு துவாரம். வலப்பக்கத்தில் குச்சி தாராளமாக நுழைந்தது; இடப்பக்கத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு வழவழவென்று மூடிக் கிடந்தது.

புத்தகத்தில் உள்ளது எலும்பில் இல்லையென்றால் பிழை எலும்பினுடையதே என்று அவளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் எலும்பு ஒரு பிழையும் செய்யவில்லை. மூளையின் மேலுறைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி சாமானியமாக அத்துவாரத்தின் வழியாகவே கபாலத்துள் புகுகிறது. சிலரிடத்தில் அது அந்த வழியை விட்டுவிட்டு, கண்ணுக்குச் செல்லும் தமனியிலிருந்தே கிளைத்துவிடுகிறது. போவார் வருவார் இல்லாத இடத்தில் வாசல் எதற்கு? இது ஏதோ அபூர்வப் பொருட்காட்சிச் சங்கதி என்று எண்ணிவிடலாகாது. காதுக்கு முன்புறமாகக் கபாலத்தைத் திறந்து, மூளையுறையை எலும்பிலிருந்து மெல்ல உரித்துக்கொண்டு உள்ளே செல்லும் சஸ்திர வைத்தியர் முதலில் கண்ணால் தேடும் எல்லைக்கல் அத்துவாரமே. அன்றியும், முதியோர்க்கு மூளையுறையின் கீழே தேங்கிவிடும் பழைய இரத்தக் கட்டுக்காக அதே தமனியை உள்ளிருந்தே அடைத்துவிடும் சிகிச்சை இப்போது பெருகிவருகிறது. தமனி கண்ணின் பக்கமிருந்து கிளைத்ததை அறியாமல் அடைக்கப் புகுந்தால், அடைப்பது பார்வையையாக இருக்கக்கூடும். துவாரம் இல்லாமையே அந்த அபாயத்தை முன்கூட்டி அறிவிக்கும் அடையாளங்களுள் ஒன்று.

கபாலத்தின் துவாரங்களை நாம் தச்சன் துளையிட்டவை போலக் கற்பனை செய்துகொள்கிறோம். நடப்பதோ தலைகீழ். கருவில் நரம்பும் குழாயும் முதலில் தோன்றிவிடுகின்றன. எலும்பு பிற்பாடு வந்து அவற்றைச் சூழ்ந்து வளர்கிறது, ஓடையைச் சுற்றிக் கரை எழுவது போல. கீழ்த்தாடைக்குப் போகும் பெரிய நரம்பு வெளிவருகிற 'ஃபொராமென் ஓவேல்' தொடக்கத்தில் எலும்பின் ஓரத்தில் ஒரு வெட்டுவாயாகவே இருந்து, பின்னர்தான் பின்பக்கம் எலும்பு வந்து சேர்ந்து வளையமாகிறது. சிலரிடம் அவ்வளையம் முற்றுப்பெறாமலே நின்றுவிடுகிறது. சிலரிடம் பக்கத்துத் துவாரத்தோடு ஒன்றாகிப் போகிறது. சூழ்ந்து வளர்வதென்றால் ஆளுக்கு ஆள் வேற்றுமை இருக்கத்தானே செய்யும்? ஒரே ஆளின் இடமும் வலமும்கூட ஒத்துப்போவதில்லை.

இந்த ஓவேல் துவாரத்தைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். நீளம் சுமார் 7 மில்லிமீட்டர், அகலம் சுமார் 4. நெல்மணியின் நீளமும், அதன் அகலத்தைவிடச் சற்றே கூடிய அகலமும் என்று வைத்துக்கொள்ளலாம். பெயருக்கேற்ப முட்டை வடிவில் இருப்பதே பெரும்பான்மை. வாதுமைப் பருப்பு போலவும், வட்டமாகவும், கத்தியால் கீறியதுபோல் ஒடுங்கியும் இருப்பவற்றை ஒரே அலமாரியில் நான் பார்த்திருக்கிறேன். முகத்தில் மின்னல் பாய்ந்தாற்போல் வலிக்கும் 'ட்ரைஜெமினல் நியூரால்ஜியா' என்னும் கொடிய நோய் உள்ளவர்களுக்கு இத்துவாரமே கதிமோட்சத்தின் வாசல். முகம் கழுவ அஞ்சி, சவரம் செய்ய அஞ்சி, சோற்றை மெல்ல அஞ்சி, பல்வலியென்றெண்ணி நல்ல பற்களையெல்லாம் பிடுங்கிக்கொண்ட பிறகும் வலி தீராமல் வருகிற அந்த நோயாளிக்கு, மாத்திரைகளும் கைவிட்டபின், கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி, வலிக்குக் காரணமான நரம்பின் முடிச்சைச் சுடுவதோ அழுத்துவதோ ஒரு சிகிச்சை. முதலாம் உலக யுத்தத்திற்குச் சற்று முந்திய ஆண்டுகளில் ஜெர்மனியின் ஹெர்ட்டெல் வகுத்துக் காட்டிய பாதை அது. 1974இல் ஸ்வீட் என்பார் மின்வெப்பத்தால் சுடும் முறையையும், 1983இல் மல்லன் என்பார் சிறு பலூனை ஊதி அழுத்தும் முறையையும் அதே பாதையில் நடத்திக் காட்டினர்.

வாயோரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வெளியே ஊசி தோலில் இறங்குகிறது. அது வாய்க்குள் எட்டிப்பார்த்துவிடாதபடி கன்னத்தின் உட்புறத்தில் கையுறை விரலொன்று காவல் நிற்க, முன்னாலிருந்து நோக்கினால் கருவிழியையும் பக்கத்திலிருந்து நோக்கினால் காதுக்கு முன்னுள்ள ஓரிடத்தையும் குறிவைத்து, ஊசி மேலேறுகிறது. பலூனுக்கான ஊசியின் கனம் மட்டும் சுமார் 2 மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் வாசலில் இரண்டு மில்லிமீட்டர் ஊசி நுழைய வேண்டுமென்றால், வாசல் ஒடுங்கிய கீறலாக இருப்பவரிடத்தில் நிலைமை என்னவென்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பக்கத்துத் தசைநார் ஒன்று சிலருக்கு எலும்பாக இறுகி, துவாரத்தின் குறுக்கே தாழ்ப்பாள் போட்டாற்போல் நிற்பதுண்டு. அருகிலேயே, 1543இல் வெளிவந்த தம் நூலால் சரீர சாஸ்திரத்தின் போக்கையே மாற்றிய வெசாலியஸின் பெயர் தாங்கிய இன்னொரு சிறு துவாரம், சிலரிடம் இருந்தும் பலரிடம் இல்லாமலும், ஒரு சிரையை மட்டும் உள்ளேயிருந்து வெளியே விடுகிறது. ஊசி வாசல் மாறி அதில் நுழைந்தால் போய்ச் சேருவது இரத்தத் தடாகத்தில். சற்றுப் பின்னால் தவறினால் மூளைக்குச் செல்லும் பெருந்தமனி. முன்னால் தவறினால் கண்குழி.

கழுத்துச் சிரை வெளியேறும் துவாரம் பெரும்பாலோர்க்கு வலப்பக்கத்தில் பெரிதாகவும் இடப்பக்கத்தில் சிறிதாகவும் இருப்பதையும், அச்சிரையின் குமிழ் சிலருக்கு மேலெழும்பி நடுச்செவிக்குள்ளேயே தலைநீட்டுவதையும், செவிப்பறையில் சிறு கீறல் போட வந்த வைத்தியர் எதிர்பாராத பெருக்கைக் காண்பதையும் குறித்துத் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே குறிப்போடு விடுகிறேன்.

இதற்கெல்லாம்தான் சி.டி. ஸ்கேன் வந்துவிட்டதே என்பார்கள். வந்துவிட்டது, 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்ததிலிருந்து அது செய்துவரும் உபகாரத்திற்கு எல்லையில்லை. ஆனால் படம் எடுப்பது வேறு, பார்ப்பது வேறு. கட்டி எங்கே என்று கேட்டு அனுப்பிய படத்திற்குக் கட்டி எங்கே என்றுதான் அறிக்கை வரும். துவாரம் ஒடுங்கியிருக்கிறதா, எலும்புத் தாழ்ப்பாள் உண்டா என்பதை யாரும் கேளாமல் யாரும் எழுதுவதில்லை. கபாலத்தின் அடித்தளத்தில் கைவைக்கப் போகிற சஸ்திர வைத்தியர், எலும்பு தெளிவாகத் தெரியும்படி மெல்லிய வெட்டுகளாக எடுத்த படத்தை, அறிக்கையை நம்பியிராமல் இருபக்கமும் தாமே பார்த்துவிட்டுத்தான் கத்தியையோ ஊசியையோ எடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அப்படிப் பார்க்கும் கண்ணை அவருக்கு யார் கொடுப்பது? பதினெட்டு வயதில் கையில் ஏந்திய எலும்பு கொடுக்க வேண்டும்.

அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். ஒன்றரை ஆண்டு நிதானமாக நடந்த பாடம் இன்று ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஓட்டமாக ஓடுகிறது. மேஜைமேல் பிளாஸ்டிக் கபாலங்கள் வந்துவிட்டன. வெள்ளை வெளேரென்று, கீழே விழுந்தாலும் உடையாமல், பார்க்க அழகாகவே இருக்கின்றன. குறை ஒன்றே: ஓர் அச்சில் வார்த்த நூறு கபாலங்கள் நூறு மனிதருடைய கபாலங்கள் அல்ல, நூறு தடவை திரும்பி வந்த ஒரே மனிதனுடைய கபாலம். அந்த அச்சில் ஸ்பைனோசம் இருபக்கமும் இருந்தால், அது இல்லாத மனிதரும் உண்டென்று அறியாமலே மாணவன் பட்டம் வாங்கிப் போய்விடுவான். திரையில் சுழலும் முப்பரிமாணச் சித்திரத்திற்கும் இதே குறைதான், விலை மட்டும் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு, வேதனையான வேடிக்கை. பல தலைமுறைகளாக மேல்நாட்டு வைத்திய மாணவர்கள் மடியில் வைத்துப் படித்த எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை நம் நாட்டு ஏழைகளுடையவை. கல்கத்தாவை மையமாகக் கொண்டு நடந்த அந்த ஏற்றுமதியை நம் அரசு 1985இல்தான் தடைசெய்தது. சம்மதம் கேளாமல் சம்பாதித்த அந்த எலும்புகளின் காலம் ஒழிந்தது நல்லதே. அது திரும்பவும் கூடாது. நம் கல்லூரிகளில் உலர்ந்த கபாலங்களை அளந்து ஆண்டுதோறும் எழுதப்படும் கட்டுரைகளிலும் அதன் நிழல் தெரிகிறது: நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று பொறுமையாக அளந்திருப்பார்கள், ஆணா பெண்ணா, எத்தனை வயது, எந்த ஊர் என்பது மட்டும் இராது, ஏனெனில் அது யாருக்கும் தெரியாது. இத்தகைய கட்டுரைகளைப் பதவி உயர்வுக்கான காகிதம் என்று எள்ளி நகையாடுவோர் பக்கம் நான் இல்லை. அளவெடுத்தவர் ஒரு நரம்பையாவது காப்பாற்றியிருக்கக்கூடும். ஆனால் யாருடையவை என்று தெரிந்த எலும்புகளை அளந்தால் அந்த அளவுகளுக்கு இன்னும் மதிப்புக் கூடும்.

ஆகையால் துறைத்தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: 'சரியில்லாத' கபாலங்களை அலமாரியின் அடித்தட்டில் ஒதுக்காதீர்கள், அவற்றை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள், இடமும் வலமும் ஒப்பிட்டு எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் கொடுங்கள். பொதுமக்களுக்கு இன்னொன்று. வயதும் பெயரும் அறிந்த, மனமுவந்து தந்த எலும்பு நேர்வழியில் வரும் வாசல் உடல்தானம் ஒன்றே. அருகிலுள்ள அரசு வைத்தியக் கல்லூரியின் சரீர சாஸ்திரத் துறையில் உயிரோடிருக்கும்போதே பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்த கையோடு வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். காலமானபின் உடலைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்களே.