"ஒன்றும் செய்யாது"



நாய் வளர்ப்போர் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு: "பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது." அவர்கள் பொய் சொல்வதில்லை. தம் வீட்டு முற்றத்தில் அவர்கள் கண்டது அதுவே. ஆயினும் முற்றம் வேறு, மேய்ச்சல் நிலம் வேறு.

நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று இங்கிலாந்தில் வாழ்கின்றனர். அவர்களுள் நாய் வளர்ப்போர் விடுமுறை நாள்களில் அதனை அழைத்துக்கொண்டு நாட்டுப்புறத்தில் நடக்கச் செல்வதுண்டு. அங்கே பொது நடைபாதைகள் பல, உழவருடைய வயல்களுக்கும் மேய்ச்சல் வெளிகளுக்கும் ஊடாகவே செல்கின்றன. அவற்றில் நடக்க எவருக்கும் உரிமையுண்டு. உரிமையுள்ள இடத்தில் கடமையும் உண்டன்றோ? 1951-இல் அங்கு முதன்முதலாக வெளியிடப்பட்ட நாட்டுப்புற ஒழுங்குமுறையிலேயே, நாயைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது இடம்பெற்றது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? நாய் கடிக்க வேண்டுவதில்லை, துரத்தினாலே போதும். மிரண்டோடும் சினையாடு குட்டியை இழக்கக்கூடும். வேலி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்குண்டு, மூச்சுத் திணறி மடியும் ஆடுகளும் உண்டு. நாய்க்கு அது விளையாட்டு. உழவனுக்கோ ஓராண்டு உழைப்பு.

ஆகவேதான் 1953-ஆம் ஆண்டுச் சட்டம், ஆடுமாடுகளை நாய் துரத்துவதையே உரிமையாளரின் குற்றமாகக் கொண்டது. மந்தையைக் காக்க வேறு வழியின்றி உழவர் நாயைக் கொல்ல நேர்ந்து, 48 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் அறிவித்தால், இழப்பீட்டு வழக்கில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். பிடிக்க வேண்டிய கை பிடிக்கவில்லை. உயிர் கொடுப்பதோ வாயில்லாப் பிராணி!

மக்கள் உலாவத் திறந்துவிடப்பட்ட குன்றுகளிலும் புதர்வெளிகளிலும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் நாயைப் பிடித்திருத்தல் வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டுச் சட்டம். வானம்பாடியும் ஆட்காட்டியும் தரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் அது. அந்நிலங்களில் ஆடுமாடுகளின் அருகிலோ, ஆண்டு முழுவதும் கயிறு வேண்டும்.

இதற்கும் ஒரு விலக்குண்டு. கன்றோடு நிற்கும் பசு நாயைக் கண்டு பாய்ந்து வந்தால், உடனே கயிற்றை விட்டுவிட வேண்டும். நாய் ஓடித் தப்பிவிடும். பிடித்துக்கொண்டு நிற்பவரே மிதிபடுவர். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிப்பதும், விட வேண்டிய நேரத்தில் விடுவதும் ஒரே அன்பின் இரு செயல்கள். பிள்ளைகளை வளர்த்த பெற்றோருக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

கடல் கடந்து வாழும் பிள்ளைகளிடம் இவ்வாரம் பேசும்போது இதனையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நம் வாசலுக்கும் இது பொருந்தும். அடுத்த வீட்டுக் குழந்தை அஞ்சி ஒதுங்கும்போது, "ஒன்றும் செய்யாது" என்று சொல்வதற்கு முன், கயிற்றைக் கையில் எடுப்போம்.